வெயிலுக்குப் பெருநாள் எடுத்தவள்

எங்கள் கரையில் வெயிலுக்கு நல்வரவு சொன்னவர் எவருமில்லை. ஆனி மாதத்தில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மேற்கே வயற்பக்கமிருந்து அனல் வீசும். உதடு வெடிக்கும். கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்க் கலங்கும். கல்முனைக் கடைத்தெருவில் நடுப்பகலில் ஆடுகூட நிழலை விட்டு நகராது. அந்த மாதத்தில் சூரியனைப் புகழ்ந்து நெருப்பு மூட்டிய ஒரே மனுசியை நான் அறிவேன். அவள் என் தங்கையின் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவளைப் பற்றி நல்லதாக ஒரு வசனம் எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் ஏறுவார். எனவே தங்கை பிறந்த வீட்டில் மூத்தவன், அதாவது காக்கா, மீசை முளைக்கும்போதே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்க வேண்டும். வாப்பா தொடங்கிய வீட்டின் கூரையை எழுபத்தெட்டுச் சூறாவளி கொண்டு போனது. அடுத்த வருடம் வாப்பாவும் மௌத்தானார். மிச்சத்தை நான் கட்டினேன். காலையில் நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை, பின்னேரம் சுவரடி, வேளாண்மைக் காலத்தில் சவளக்கடை வயல். வாசலைக் கிழக்கே, கடலைப் பார்த்து வைத்தேன். பின்னேரத்தில் கடற்காற்று நேராக மண்டபத்துக்குள் வர வேண்டும் என்று நிலையை நானே நூல் பிடித்து நிறுத்தினேன்.

பின் அறைக்கு ஓடு போடக் காசில்லாமல் நின்றபோதுதான் அந்த வெள்ளைக்காரி வந்தாள். சூறாவளி நிவாரணத்துக்கென்று வந்தவர்களில் ஒருத்தி. பெரியநீலாவணையில் மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து மாவும் எண்ணெயும் கொடுக்கிற வேலை. சைக்கிளில் போய் வருவாள். கலியாணம் பொருந்தும்வரை இருக்கலாம் என்ற பேச்சில் வீட்டைக் கொடுத்தேன். உம்மா மட்டும் அவள் என்ன மதம் என்று கேட்கச் சொன்னா. கேட்டேன். பள்ளிவாசலும் இல்லை, கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை என்றாள். அப்படியென்றால் சண்டைக்கு ஒன்றுமில்லை என்று உம்மா ஆறுதல்பட்டா.

இல்லாதது கட்டிடம் மட்டும்தான். மதம் இருந்தது. அது தங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

தங்கை பத்தாம் வகுப்போடு வீட்டில் நின்றவள். இங்கிலீசு படிக்கவென்று ஒவ்வொரு நாளும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கே போவாள். பதிலுக்கு ரொட்டியும் சம்பலும் செய்யப் பழக்குவாள். அங்கே கேட்டதை இராச் சோற்றுக்கு எங்களுக்குக் கொண்டு வருவாள். வெள்ளைக்காரியின் ஊரில் சிலர் பழைய மார்க்கம் ஒன்றைத் திரும்ப எடுத்திருக்கிறார்களாம். மரம், நிலவு, சூரியன் எல்லாவற்றுக்கும் மரியாதையாம். வருடத்தில் எட்டுப் பெருநாளாம். அதில் பெரியது பகல் ஆக நீளமான நாளாம். தங்களை மந்திரக்காரிகள் என்று தாங்களே சொல்லிக்கொள்வார்களாம், வெட்கமில்லையாம்.

"எட்டுப் பெருநாளுக்கும் உடுப்பு எடுக்கணுமெண்டா அவளுகட புரியன்மார்ர கதி என்ன?" என்று உம்மா கேட்டா. எல்லோரும் சிரித்தோம்.

பழையது என்று அவர்கள் சொல்லும் அந்த மார்க்கத்தைப் பற்றிப் பிற்பாடு தேடி வாசித்தேன். துண்டு துண்டாகப் பழைய கதைகளை எடுத்து, என் வாப்பா பிறந்ததற்குப் பிறகு, வீட்டுத் தோட்டங்களில் கூடி ஒட்டியிருக்கிறார்கள். வாப்பாவை விட வயது குறைந்த மார்க்கம். அதுவும் அவர்களுடைய குளிருக்குச் செய்தது. ஆறு மாதம் இருட்டில் கிடக்கிறவனுக்கு நீளமான பகல் பெருநாளாக இருக்கலாம். எங்கள் ஊரில் பகல் நீளுவது பள்ளிவாசல் தொழுகை நேர அட்டையில்தான் தெரியும். அந்தித் தொழுகையான மஃரிப் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். அவளுக்கு அது தெரியும். அட்டையைத் தங்கை காட்டியிருந்தாள். என்றாலும் பெருநாள் எடுத்தாள்.

எண்பதாம் வருடம், நோன்பு பிடிக்க ஒரு மாதம்கூட இல்லாத நேரம், மருதமுனையிலிருந்து சம்பந்தம் ஒன்று கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மாப்பிள்ளை வாத்தியார். தங்கையைக் கல்முனையில் பஸ்ஸில் கண்டு, முடித்தால் இவளைத்தான் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றவர். அவருடைய தாய் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினா. அது சும்மா சடங்கில்லை. வீடு பிடிக்கவில்லை என்றால் பெண்ணும் பிடிக்கவில்லை என்றுதான் கணக்கு. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. போய் வெள்ளைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அவளும், பயப்படாதே, பெரிய நாள் வருகிறது, உன் வீட்டுக்குக் காவல் வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறாள்.

அந்த நாட்களில் எங்கள் தண்ணீர்முறை. நான் சவளக்கடை வயலில் வாய்க்காலைக் காத்துக்கொண்டு கிடந்தேன். வீடு பார்க்கும் நாள் காலையில் நேரே அலுவலகம் போய், பின்னேரம்தான் உம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கை அறைக்குள் இருக்க, நானும் உம்மாவும் கடப்படியில் நின்று மாப்பிள்ளையின் தாயை வரவேற்றோம். அவ துணைக்கு இரண்டு பெண்களைக் கூட்டி வந்திருந்தா. வேலிக் கடப்பைத் தாண்டியதும் நின்றுவிட்டா.

வாசல் நிலைக்கு மேலே வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய கட்டொன்று தொங்கியது. வந்த அவசரத்தில் நான் மேலே பார்க்கவில்லை.

"ஊட்டுல ஆருக்கும் அம்மாள் வருத்தமா?" என்று கேட்டா.

அம்மைநோய் கண்ட வீட்டில்தான் எங்கள் ஊரில் வாசலில் வேப்பிலை தொங்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடியிருக்கிற வெள்ளைக்காரி அழகுக்குக் கட்டியிருப்பாள் என்று சொல்லிக் கட்டை நானே பிடுங்கி எறிந்தேன். அவ நம்பினா. உள்ளே போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தா. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினா. உப்பில்லை என்றா. மண்டபத்தில் நின்று, கடற்காற்று முக்காட்டைத் தூக்க, "காத்து நல்லா வருது" என்று உம்மாவிடம் சொன்னா. உம்மாவின் முகம் தெளிந்தது. எனக்கும் ஒரு வருட முதுகுவலி அந்த ஒரு சொல்லில் போனது போல இருந்தது.

திரும்பிப் போகையில் செருப்புப் போடப் படியில் குந்தினா. அங்கேயே இருந்துவிட்டா. படியடி மணலைப் பார்த்தா. வெட்டி மூடி, கையால் தட்டிச் சமப்படுத்திய மண். பக்கத்தில் மெழுகு சொட்டிய அடையாளம். சுற்றிவர வட்டமாக உப்பு. அடுப்பே இல்லாத இடத்தில் எரிந்த சிரட்டைக் கரி.

"தம்பி, மம்பெட்டி இரிக்கா?" என்றா. என்னைப் பார்க்கவில்லை.

ஒன்றும் இருக்காது என்ற தைரியத்தில் நானே மண்வெட்டி எடுத்து வெட்டினேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. ஜாம் போத்தல் ஒன்று வந்தது. மூடி மெழுகால் அடைத்திருந்தது. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், உப்பு, தேசிக்காய்த் துண்டு, மஞ்சள் பூ. இவற்றுக்கு நடுவில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்ட பெண்பிள்ளையின் தலைமயிர்.

வெள்ளைக்காரியின் ஊரில் இப்படி ஒரு போத்தல் கெட்டது வராமல் வாசலைக் காக்குமாம். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வேறு. கேட்டவர் எவரும் இரண்டாம் தரம் கேட்க மாட்டார்கள். ஆணியும் தேசிக்காயும் மயிரும் படியடியில் புதைத்திருந்தால் அது செய்வினை. அந்த மயிர் பெண்ணுடையதாக இருந்து, நூலால் முடிந்திருந்தால், ஆணைக் கட்டுகிற வசியம்.

மாப்பிள்ளையின் தாய் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில்தான் உம்மாவிடம் கதைத்தா.

"என்ட மகன் ரெண்டு மாசமாச் சோறு தின்னாம, இவளத்தான் முடிக்கிற எண்டு நிண்டான். நான் ஆச எண்டு நினைச்சன். இதுவா ராத்தா?"

கலியாணம் போவது மட்டுமில்லை. வசியம் என்ற சொல் கடப்பைத் தாண்டிப் போனால் தங்கையை இந்தக் கரையில் ஒருவரும் முடிக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கை அறையிலிருந்து வாசலுக்கு வந்தாள்.

"அது என்ட மயிர்தான் மாமி. நான்தான் வெட்டிக் குடுத்தன்."

அடுத்த சொல்லை அவள் சொல்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. வெள்ளைக்காரி வேலை முடிந்து வருகிறாள், முகம் முழுக்க வேர்வையும் சிரிப்பும். என் கையில் போத்தலைக் கண்டதும் சிரிப்பு நின்றது. ஏன் தோண்டினீர்கள், அது நிலத்துக்குள் இருக்க வேண்டுமே என்று இங்கிலீசில் கேட்டாள். மாப்பிள்ளையின் தாய் அவளை நேரே கேட்டா, தமிழில்தான்.

"இத நீயா வெச்ச?"

"ஓம். நான் வெச்ச."

"மந்திரமா?"

"ஓம்," என்றாள். பிறகு அவசரமாக, "நல்ல மந்திரம்."

"நல்லதும் கெட்டதும் ஒரே போத்தலுக்குள்ளதான் புள்ள வெக்கிற," என்றா அவ.

வெள்ளைக்காரி என் பக்கம் திரும்பினாள். இங்கிலீசில் கடகடவென்று சொன்னாள்: இது காவல், இது ஆசீர்வாதம், இந்தப் பெண் சந்தோசமாக வாழ வேண்டுமென்று இருவரும் சேர்ந்து நெருப்பைச் சுற்றி நின்று கேட்டோம், தயவுசெய்து இவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை. இருவரும் சேர்ந்து என்பதை நான் தமிழில் சொல்லியிருந்தால், தங்கையும் நெருப்பைச் சுற்றியவள் ஆவாள். சொல்லாவிட்டால் அவள் ஏமாந்த பிள்ளை. நாளைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் இங்கிலீசில் சொன்னேன். மாப்பிள்ளையின் தாயிடம், இவள் சூனியக்காரி என்பது எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும், பிள்ளை மயிர் கேட்டதும் விபரம் தெரியாமல் கொடுத்திருக்கிறாள் என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. திறக்கவேண்டாம் என்று நான் பார்த்த பார்வையில் அவளுக்கு விளங்கியது.

வெள்ளைக்காரிக்குத் தமிழ் அவ்வளவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். சூனியக்காரி என்ற சொல் தெரிந்திருந்தது. முகம் சிவந்தது. மறுக்கவில்லை. போத்தலை என் கையிலிருந்து வாங்கி, மணலைத் துடைத்து, சைக்கிள் கூடையில் வைத்தாள். மறுநாள் அவள் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள். வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் இரண்டு நாள் கழித்துச் சொல்லியனுப்பினா. பிள்ளை வெள்ளந்தி, குற்றமில்லை. மகனும் விடுகிறானில்லை. ஆனால் அந்த வாசலால் அவன் ஏற மாட்டான். கிழக்கு வாசலைக் கல் வைத்துக் கட்டி, வேறு பக்கம் வாசல் வைத்தால் நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ்.

தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர். வடக்கே கிணறும் குளிக்கிற இடமும். மிஞ்சியது மேற்கு. நோன்பு காலத்தில், நாக்கு வறள, நான் நூல் பிடித்து நிறுத்திய நிலையை நானே கழற்றினேன். கிழக்கை அடைத்து, மேற்கை உடைத்தேன். தங்கை நோன்பு திறக்கக் கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். நான் கையைக் கழுவும்வரை நின்றாள்.

"அவ நல்லதுக்குத்தான் செஞ்ச காக்கா. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றேன். "நல்லதுக்குச் செய்றவள் ஆர்ர ஊர்ல நிண்டு செய்ற எண்டும் பாக்கணும்."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கலியாணம் நடந்தது. பிள்ளைகள் மூன்று. மச்சான் நல்ல மனுசன்; போத்தல் கதையை இன்றைக்கும் பகிடியாகச் சொல்லி, என்னைக் கட்டித்தான் போட்டிருக்கிறாள் என்று தங்கையைச் சீண்டுவார். அவள் சிரிப்பாள். நான் இருந்தால் சிரிக்க மாட்டாள்.

ஒவ்வொரு வருடமும் ஆனி மாதத்தில் கச்சான் அந்த மேற்கு வாசலால் நேரே மண்டபத்துக்குள் வருகிறது. வயல் தூசும் வைக்கோல் துரும்பும் சோற்றுக் கோப்பை வரை வரும். கடல் இருக்கிற பக்கம் சுவர். தங்கை வாசலில் சாக்கொன்றை நனைத்துத் தொங்கவிடுவாள். கொஞ்ச நேரத்தில் காய்ந்து விறைத்துவிடும். போன கிழமை போனபோதும் காய்ந்துதான் கிடந்தது. கிணற்றில் அள்ளிக் கொண்டு வந்து நான் ஊற்றினேன். அவள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற வாளியையும் எடுத்து வந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.