லாபம், ரெண்டு, மூணு

பெங்களூரில் நர்ஸ் படிப்பின் முதல் வருஷத்தில் ஒரு நாள், எங்கள் ஆசிரியை கண்ணாடிச் சாடியிலிருந்து ஒரு மனித மூளையை எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஆட்டு மூளையை மிளகு போட்டு வறுத்துத் தின்ற வீட்டிலிருந்து வந்தவள் நான். மனித மூளை என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு கைக்குள் அடங்கிப் போயிற்று.

ஆசிரியை பென்சில் முனையால் இடது பக்கத்தில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே வரும் ஓர் இடத்தைத் தொட்டார். பேச்சு உருவாவது இங்கே என்றார். இந்த இடத்துக்கு ரத்தம் நின்றுபோனால் பேச்சு போகும். கூடவே வலது கையும் போகலாம்; கையை ஆட்டுவிக்கிற இடம் இதற்கு அடுத்த வீடு மாதிரி. மூளையின் இடது பாதியிலிருந்து கிளம்பும் நரம்புகள் கழுத்துக்குச் சற்று மேலே குறுக்கே தாண்டி வலது பக்க உடம்புக்குத்தான் போகின்றன என்று கோடு போட்டுக் காட்டினார்.

"பேச்சு போனவங்க எண்ணிக்கை சொல்லுவாங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்வார்கள் என்றார். எண்ணிக்கை வரும், பாட்டு வரும், வசவு வரும், சாமி பெயர் வரும். பல வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனதெல்லாம் வேறு வழியாக வெளியே வந்துவிடும். ஆனால் யோசித்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் வராது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அந்தப் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் எங்கள் பெரியப்பாவின் நெற்றிப்பொட்டில் குத்த வேண்டும் போலிருந்தது. குத்தவில்லை. பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

எங்கள் ஊர் பாரூர் ஏரிக்குக் கீழே வாய்க்கால் பாசனத்தில் இருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். பெரியம்மா ஓசூருக்கும் அப்பால், ஜூஜுவாடியில் கன்னடம் பேசுகிற வீட்டில் பிறந்தவள். பதினைந்து வயதில் கல்யாணமாகி வந்த அன்றைக்கே பெரியப்பா ஒரு சட்டம் போட்டாராம், இந்த வீட்டுக்குள் கன்னடம் காதில் விழக்கூடாது என்று. அந்த மனுஷர் சந்தையில் மாடு பிடிக்கும்போது கன்னடம், தெலுங்கு இரண்டிலும் வெளுத்து வாங்குவார். மாட்டுத் தரகனிடம் பேசலாம், பெண்டாட்டி பேசக்கூடாது. என்ன நியாயமோ! பெரியம்மா ஒரே வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டு, இருபது வருஷம் தமிழே பேசினாள். பழமை பேச, ஊர்க்கதை பேச உட்கார்ந்தால் எங்கள் அம்மா தோற்றுப் போவாள்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அம்மாவுக்கு எனக்குக் கீழே வரிசையாக மூன்று. அதனால் நான் பெரியம்மா இடுப்பிலேயே வளர்ந்தேன். சோறு ஊட்டும்போது அவளே கட்டிய ஒரு பாட்டு உண்டு. ஆட்டுக்குத் தழை, மாட்டுக்கு வைக்கோல், எங்க வீட்டுக் குட்டிக்குச் சோறு என்று இழுத்து முடிப்பாள். சோறு என்னும்போது வாய்க்குள் உருண்டை இருக்கும். ஒன்பது வயதிலும் நான் வெட்கமில்லாமல் ஊட்டிக்கொண்டேன்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அறுவடை முடிந்தால் களத்தில் வள்ளம் போடுவது அவள்தான். எங்கள் பக்கம் நெல்லை அளக்கும் மரக்காலுக்கு வள்ளம் என்று பேர். ஆம்பிளைகள் செய்கிற வேலை அது. ஆனால் பெரியப்பா தம்பியையே நம்ப மாட்டார். அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று பெரியம்மா ராகத்தோடு சொல்வது வாய்க்கால் வரைக்கும் கேட்கும்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கிற பேச்சு. எங்கள் வீட்டில் வேறு ஒரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சூளகிரிப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகவும், பெரியப்பாவுக்குச் சம்மதம் என்றும். ஒரு பெண்டாட்டி இருக்க இன்னொன்று கூடாதென்று சட்டம் வந்துவிட்டதாம். அது கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து நின்றுவிட்டது போல, எங்கள் ஊருக்கு வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு குற்றமும் இல்லாத பொம்பளையை ஒதுக்கிவிட்டுக் கல்யாணம் பண்ணினால் நாங்கள் வந்து நிற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, பெரியப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரு குற்றம்.

தை மாதம் களத்தில் பெரியம்மா அளந்துகொண்டிருந்தாள். பதினேழு என்று சொன்னவள் பதினெட்டு சொல்லவில்லை. வள்ளம் வலது கையிலிருந்து நழுவியது, நெல் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். வெயில் மயக்கம் என்றார்கள். தையில் என்ன வெயில்! வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார்கள். வாய் ஒரு நாள் கோணியிருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் எழுந்து, வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, அடுப்படிக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. எங்கள் அப்பா வாயிலும்தான்.

அன்று மத்தியானம் பெரியம்மா பெரியப்பாவுக்கு இடது கையால் சோறு போட்டாள்.

புருஷனுக்கு இடக்கையால் சோறு போடுவது என்றால் எங்கள் பக்கம் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். பெரியப்பா தட்டைக் காலால் எத்தினார். பெரியம்மா பயந்துபோய் வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டி, "கை பரல்லா" என்றாள். கை வரவில்லை என்று அர்த்தம். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் விழுந்த முதல் கன்னடம்.

அதற்குப் பிறகு அவள் வாயில் வந்த ஒன்றிரண்டு வார்த்தையும் கன்னடம்தான். நீரு கொடு என்பாள். நீரு என்றால் தண்ணீர் என்று எங்கள் வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும். ஆனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தமிழில் கேள் என்பார் பெரியப்பா. அவள் வாயைத் திறப்பாள், உதடு கூடும், எதுவும் வராது. நெற்றியில் வேர்வை வரும். ஏன் தமிழ் போய்க் கன்னடம் தங்கியது என்று பிற்பாடு டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். சிலருக்கு முதலில் கற்றது தங்கும், சிலருக்குக் கடைசியில் கற்றது தங்கும், ஏனென்று முழுதாகத் தெரியாது என்றார்கள். தெரியாது என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"ராஜ்யம் பிரியுதில்ல, இவளும் தனி ராஜ்யம் கேக்கறாடா. திமிரு!" என்றார் பெரியப்பா. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெரியப்பா சாமர்த்தியசாலி. ஊர்ப் பெரியவர்களில் ஒருவரைக் கூட்டி வந்து, களத்து நெல் முன்னால் பெரியம்மாவை உட்கார வைத்து, வள்ளத்தை இடது கையில் கொடுத்து, "லாபம்" என்று தானே ஆரம்பித்தார். "ரெண்டு" என்றாள் பெரியம்மா. மூணு, நாலு, அஞ்சு என்று மளமளவென்று வந்தது. அவளுக்கே ஆச்சரியம், முகம் மலர்ந்துவிட்டது. தமிழ் திரும்பி வந்துவிட்டதென்று நினைத்திருப்பாள், பாவி. பன்னிரண்டில் பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்தீங்களா நடிப்ப? நெல்லு அளக்கத் தமிழ் வருது, புருசங்கிட்டப் பேச வரல!"

அந்தப் பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அன்று சாயங்காலம் பெரியப்பா அடுத்த சட்டத்தைப் போட்டார். சோறு என்று தமிழில் வாய் திறந்து கேட்டால்தான் இவளுக்குச் சோறு. அதுவரை யாரும் போடக்கூடாது. அம்மா முந்தானைக்குள் ஒளித்துக் களி உருண்டை கொடுத்தாள், அதுவும் பயந்து பயந்து பாதிதான்.

இரண்டாம் நாள் நான் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல, சோறு, சோறு, சொல்லு பெரிம்மா என்று தொண்டை வறளச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள். சோ கூட வரவில்லை. எனக்கு அலுத்துப் போய், விளையாட்டாக அவளுடைய பாட்டையே பாட ஆரம்பித்தேன். ஆட்டுக்குத் தழை, மாட்டுக்கு வைக்கோல், எங்க வீட்டுக் குட்டிக்கு என்று இழுத்து மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"சோறு" என்றாள் பெரியம்மா, ராகத்தோடு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி பாடினேன், மறுபடி சோறு. பத்துத் தடவை பாடினோம். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் இடது கையால் என் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நேராக ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன், பெரிம்மா தமிழில் சோறு கேக்கறா, எல்லாரும் வந்து பாருங்க என்று. பெரியப்பா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவர் என்னைத் தட்டிக் கொடுத்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை மூன்று பெரியவர்களும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்று பாடினேன். நல்ல குரலெடுத்துப் பாடினேன். எங்க வீட்டுக் குட்டிக்கு என்று நிறுத்தினேன். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கணீரென்று சோறு என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன், சோறு எடுத்து வருவாள் என்று. யாரும் அசையவில்லை.

மூன்று பேரில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நோயாளின்னா வெச்சுச் சோறு போடறது உன் கடமை. இது பாட்டுப் பாடுது, எண்ணிக்கை சொல்லுது. கொழுப்புப்பா இது. இனி உன் இஷ்டம்" என்றார். மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். முடிந்தது கதை. சாட்சி நான். என்னை மாதிரி சாட்சி கிடைக்கப் பெரியப்பா என்ன புண்ணியம் செய்தாரோ!

பெரியம்மாவின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து நடையில்கூட உட்காராமல், தண்ணீர்கூட வாங்காமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வைகாசியில் சூளகிரிப் பெண் வந்தாள். அடுத்த மழைக்காலத்தில் ஜூஜுவாடியிலிருந்து செத்த சேதி வந்தபோது பெரியப்பா கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். புதுப் பெரியம்மா வலது கையால் பரிமாறினாள்.

அண்ணன் கூட்டிப்போன அன்று, கிருஷ்ணகிரியில் பஸ் ஏற்றுவதற்காகப் பெரியம்மாவை எங்கள் வண்டியிலேயே கொண்டுபோனார்கள். ஏரிக்கரை மேல் வண்டி ஏறும்போது நான் பின்னாலேயே ஓடினேன். அவள் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் கோபமான கோபம். சோறுதான் தமிழில் கேட்டுவிட்டாயே, இன்னும் கொஞ்சம் தமிழ் பேசியிருந்தால் விட்டிருப்பார்களே, ஏன் பேசவில்லை?

"என் பேரச் சொல்லு பெரிம்மா! என் பேரச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவள் வாயைத் திறந்தாள். உதடு கூடியது. வரவில்லை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்ட பேர். எனக்கு ஆங்காரம் பொங்கிவிட்டது. போ, உனக்கு எண்ணத்தானே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, வேண்டுமென்றே, பெரியப்பா குரலிலேயே, "லாபம்!" என்று கத்தினேன்.

"ரெண்டு" என்றாள்.

மூணு, நாலு, அஞ்சு. வண்டி போய்க்கொண்டே இருந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, இடது கை என்னை நோக்கி நீண்டிருந்தது, வாய் மட்டும் ஒன்பது, பத்து, பதினொண்ணு என்று போய்க்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். என் பேரைச் சொல்லாமல் நெல் அளக்கிறாளே என்று மண்ணை வாரி வண்டியைப் பார்த்து வீசினேன். அந்த எண்களுக்குள் என் பேரைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.