முக்கால் அங்குலக் கம்பி

எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ரயில்வே லைனுக்கு மேற்கே வாடகை வீடு. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் தெருவில் பாதிப் பேர் சைக்கிள், மீதிப் பேர் மின்சார ரயில். அப்படிப்பட்ட தெருவில், சீமைக்குக் கிளம்பிய தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துக்கட்டிய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார் இவர். அது ஓடாது. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "குடை பிடிச்சுக்கோ டீச்சர்" என்றார். கோபமானாலும் கொஞ்சலானாலும் நான் அவருக்கு டீச்சர்தான்.

ஒரு வருடம் ராப்பகலாகத் தட்டிக் கொட்டி அதை ஓட வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அதில்தான் போனோம். பிரசங்கத்தைவிட எங்கள் வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நகரத்துக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். அதில் ஓட்டப் போகிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். எனக்கு அப்போது மூன்றாவது மாதம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். குழந்தை பிறந்தால் எங்கே உட்கார வைப்பது என்று கேட்டேன். "உன் மடியில" என்றார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் அடுத்த வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு. இந்த ஒரு பந்தயம் ஓட்டுவார். முதல் மூன்று பேரில் வந்தால் வண்டி வீட்டில் இருக்கும், அடுத்த வருடமும் ஓட்டுவார். வராவிட்டால் விற்றுவிடுவார். சொன்ன சொல் மாறாத மனிதர், அதனால் நான் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கம்பிப் பிரச்சினை வந்தது. திருப்பத்தில் வேகமாகப் போனால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதைத் தடுக்க, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து அடியில் குறுக்காக ஒரு கம்பி போடுகிறார்கள். வண்டி சாயும்போது கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். எங்கேயோ பழைய புத்தகக் கடையில் இவர் பிடித்துவந்த அமெரிக்கப் பத்திரிகையில் அதற்கு ஸ்வே பார் என்று போட்டிருந்தது. எங்கள் வண்டியில் இருந்த கம்பி துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம். பல்லாவரத்தில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிற பாய் ஒருவரிடம் போனோம். அவர் பழைய கம்பியை அளந்துவிட்டு இரண்டு செய்து வைத்தார். ஒன்று பழைய அளவே, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மற்றது முக்கால் அங்குலம்.

"கெட்டியா கீற கம்பி போட்டா வண்டி சாயாது சார். ஆனா திருப்பினா சட்டுனு திரும்பாது, மூஞ்சி நேரா போவும்."

"அப்ப மெல்லிசுதான் நல்லதா பாய்?" என்று கேட்டார் இவர்.

"மெல்லிசுன்னா சாஞ்சுகினு போவும்."

"ரெண்டுல எது நல்லது?"

"அத நான் இன்னா சொல்றது? ஓட்டப்போறது நீங்க. பேஜாரா கீது சார், ரெண்டையும் எடுத்துகினு போங்க."

எடுத்துக்கொண்டு வந்தோம். இவருடைய சிநேகிதர் ஒருவர் இரண்டு வருடம் பந்தயத்தில் ஓட்டியவர். அவரைக் கேட்டால், "மெல்லிசு போடு மச்சான், கண்ண மூடிக்கிட்டுப் போடு" என்றார். பத்திரிகையோ கெட்டியாகப் போடு என்றது. நாலு பக்கம் தள்ளி, அளவு மீறினால் வண்டி திரும்பாது என்றும் எழுதியிருந்தது. அளவு எது என்று மட்டும் எழுதவில்லை. எனக்குத் தலை சுற்றியது. மசக்கையால்தான் சுற்றுகிறது என்று இவர் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார்.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. பள்ளியிலிருந்து கரும்பலகையில் கோணம் வரைகிற பெரிய மரக் கோணமானியைக் கொண்டுவந்தேன். அதில் நூல் கட்டி, நூல் நுனியில் சாவியைத் தொங்கவிட்டு மடியில் நிறுத்திக்கொண்டேன். வண்டி சாய்ந்தால் எத்தனை டிகிரி என்று நூல் காட்டும். பீர்க்கன்கரணை ஏரிக்கரை ஓரம் ஒரு வளைவு இருந்தது. ஒரு ஞாயிறு ஒரு கம்பி, மறு ஞாயிறு மற்றது என்று மாட்டி, சர்ச் முடிந்து, பட்டுப்புடவையோடு, அந்த வளைவில் நாற்பது தடவை போய் வந்திருப்போம். ஏரிக்கரையில் எருமை கழுவிக்கொண்டிருந்தவர்கள் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வாந்தி எடுக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் வேகமாக ஓட்டுவார்கள்? கூடை நிறைய முட்டை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டினார். நூல் இரண்டு கம்பிக்கும் ஏறக்குறைய ஒரே கோணத்தைத்தான் காட்டியது.

"கணக்கு என்ன சொல்லுது டீச்சர்? நீ சொல்றதுதான்" என்றார்.

கணக்குப் போட்டேன். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். பார்வைக்குக் கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் முக்கால் அங்குலக் கம்பி மற்றதைப் போல மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக இருந்தது. முன்பக்கம் அவ்வளவு விறைத்தால் வண்டி நிச்சயம் மூக்கை நேரே நீட்டிக்கொண்டு போகும் என்று எனக்குத் தோன்றியது. மெல்லிசுதான் சரி. அதாவது, ஜெயிப்பதற்கு மெல்லிசு. எனக்கு வேண்டியது அவர் ஜெயிப்பது இல்லையே. அடிபடாமல் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். கெட்டிக் கம்பி என்றால் வண்டி சரியாகத் திரும்பாது, பயந்து மெதுவாக ஓட்டுவார் என்று ஒரு மனம் சொன்னது. திரும்பாத வண்டியில் அவரை ஏற்றி அனுப்புகிறாயே பாவி என்று இன்னொரு மனம் சொன்னது. என் கணக்கே தப்பாக இருந்தால் கெட்டிக் கம்பியே அவரை ஜெயிக்க வைத்துவிடுமே என்றும் தோன்றியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவரிடம் போய், "கெட்டிக் கம்பி" என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலையே மாட்டிவிட்டார்.

பந்தயத்தன்று நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்று சுற்று வரை இவர் நான்காவதாக வந்தார். கர்த்தாவே, இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான்காம் சுற்றில் முன்னால் போகிறவரை நெருங்கிவிட்டார். ஓடுதளம் முடிந்து குறுக்கே திரும்புகிற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார், அது எனக்கே தெரிந்தது. வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் வைக்கோல் கட்டுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முள்ளுக்காட்டில் நின்றது. புழுதி அடங்குவதற்குள் நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சிநேகிதர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "யார்ரா இந்தக் கடப்பாரையைப் போடச் சொன்னது?"

"டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னது. கம்பி மேல தப்பில்ல மச்சான், நான்தான் வேகமா வந்துட்டேன்" என்றார் இவர்.

பக்கத்தில் நின்ற இன்னொருவரும், "வேகந்தான் சார், எந்தக் கம்பி போட்டிருந்தாலும் போயிருப்பீங்க" என்றார். சிநேகிதர் இல்லவே இல்லை என்றார். இரண்டு பேரும் வாதாடினார்கள். இன்றுவரை எனக்கு எது சரி என்று தெரியாது. வேகம்தான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நிம்மதியாக இருப்பேன். கம்பிதான் என்று அடித்துச் சொல்லியிருந்தால் இவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். இரண்டும் இல்லாததால் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே வண்டியை விற்றார். ஐந்து மாதம் கழித்து எங்கள் மகள் பிறந்தாள்.

அவளுக்கு ஆறு வயதானபோது, எழுபதுகளின் நடுவில், அந்தச் சிநேகிதர் ஒரு பியட் வாங்கினார். எல்லாரும் கோவளம் போனோம். திருவான்மியூர் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து, சாவியை இவரிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு மச்சான். எத்தன வருஷமாச்சு."

"வேணாம்டா."

"ஓட்டுங்கப்பா!" என்று குதித்தாள் மகள்.

"அப்பாவுக்கு ஓட்ட வராதும்மா" என்றார் இவர். கூச்சமில்லாமல், உயரம் எத்தனை என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். "ஒரு தடவை அம்மா சரியா கணக்குப் போட்டுக் குடுத்தா. அப்பவும் அப்பா கோட்டை விட்டுட்டேன்."

சிநேகிதர் மறுபடி ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.