கிட்டங்கியில் பிறந்த வெண்பா

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பாய் ஏற்ற வந்த வண்டிக்காரர்தான் சொன்னார்: "நம்ம பண்டிதர் போயிட்டாரு, அண்ணாச்சி. நேத்தே எடுத்துட்டாவ." விரித்த பாயைச் சுருட்டத் தோன்றாமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் துக்கம் ஆறுமுன்னே கலாசாலைக் குமாஸ்தா கடைக்கு வந்தார். பண்டிதர் காந்திமதிநாத பிள்ளை அவர்கள் நினைவாக மாணாக்கர் கவிதைக் கூட்டம் நடத்துகிறார்களாம்; விரிக்கப் பத்தமடைப் பாய் வேண்டுமாம். பாட்டுகளை முன்கூட்டியே கமிட்டியிடம் காட்டி அனுமதி பெற வேண்டுமாம். இதைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரை அறிந்தவர்களாவது காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் கலாசாலையில் தமிழ்ப் பண்டிதர். நான் தலைச்சுமையாகப் பாய் விற்றுக் கடை வைத்தவன். எனக்கும் வெண்பாவுக்கும் வெகு தூரம். கூட்டத்தில் ஒரு ஈற்றடி கொடுக்க, மாணாக்கர்கள் அங்கேயே அதற்கு வெண்பா கட்டிப் பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆள் சேர்க்க வழி கேட்டு என்னிடம் வந்தார். அறிவிப்பையே விருத்தமாக எழுதி வைத்திருந்தார்.

"இதைப் படிச்சு எவன்வே வருவான்? எங்க, எப்போன்னு கேக்கான் மனுசன்."

"மூணாவது அடியில நாள் இருக்குல்லா, அண்ணாச்சி."

"அதைத் தேடி எடுக்கதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிரும்."

சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டார். நான் சொன்னபடி எழுதிய துண்டுக் காகிதங்களை வெளியூர் போகிற ஒவ்வொரு பாய்க்கட்டிலும் சொருகி அனுப்பினேன்.

ஊரில் கலகம் நடந்து அடங்கியிருந்த காலம் அது. கலாசாலைக் கமிட்டித் தலைவரான வக்கீல் பயந்துபோய், பாட்டையெல்லாம் முதலிலேயே எழுதிக் காட்டச் சொன்னார். "மேடையில பொறக்கப்போற பிள்ளைக்கு இன்னைக்கே எப்படி ஜாதகம் எழுத?" என்று பண்டிதர் கேட்டார். கூட்டத்தன்று காலையில் கலாசாலை மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரர் யாரும் பூட்டச் சொல்லவில்லை. நம்மவர்கள் தாமாகவே பூட்டினார்கள்.

"என் கிட்டங்கி இருக்குவே" என்றேன். பாய் அடுக்கி வைக்கிற அந்தக் கொட்டடியை ஒதுக்கிக் கொடுத்து, இடம் மாறியதைச் சொல்லத் தமுக்குக்காரரை அனுப்பினேன். அவர் ஜப்தி ஏலம் கூவியே பழகியவர். இதையும் அதே ராகத்தில் கூவிவிட்டார். சாயங்காலம் மாணாக்கர்களோடு ஏலம் எடுக்கிறவர்களும் வந்து நிறைந்தார்கள். நான் நொடித்துப்போனேன் என்று நம்பி, எதிர்க்கடைக்காரர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பண்டிதர் பேசத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர் பொறுமை இழந்தார்: "வெலையச் சொல்லி வெரசா வித்துத் தொலையும்வே, வண்டி போவுது."

சிரிப்பு அடங்குமுன் பண்டிதர் கையை உயர்த்தினார். "விலைசொல்லி விற்பீர் விரைந்து. இதுதான் ஈற்றடி. பாடுங்கடே."

எழுந்தவன் வக்கீலின் மகன். அவனுக்குப் பெண் வீட்டாரிடம் வரதட்சிணைப் பேரம் நடப்பது கடைத்தெருவுக்கே தெரியும். சற்று யோசித்துவிட்டுப் பாடினான்:

கற்றமகன் என்றென்னைக் காட்டிக் கடைவிரித்தீர்
பெற்றவரே, பெண்வீட்டார் பேரத்தில் – சற்றும்
தலைநிமிர மாட்டாமல் தாழ்ந்துநின்றேன் ஐயா
விலைசொல்லி விற்பீர் விரைந்து.

வண்டிக்கு அவசரப்பட்ட மனிதர்தான் முதலில் வாய் திறந்தார்: "இன்னொருக்கா சொல்லுடே." பண்டிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தளை தட்டல" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

அந்த வாரமே அவரைக் கலாசாலை வகுப்பிலிருந்து இறக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். பாட்டை அவரே எழுதிக் கொடுத்துப் பையனைப் பாட வைத்தாராம், அதுதான் குற்றம். பையன் தன் பாட்டுத்தான் என்று கமிட்டி முன்னால் நின்று சொன்னான். எவர் காதிலும் ஏறவில்லை.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையும்வே. யாவாரத்துல நாங்க தெனமும் சொல்லுதோம்" என்றேன்.

"என் பாட்டா இருந்தா சொல்லிருவேன், அண்ணாச்சி. அவன் பாட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்டா, அது என் பாட்டுன்னு ஆயிரும்லா?"

கடைசிவரை அரிச்சுவடி வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். இப்போது அதே வக்கீல் இரங்கல் கூட்டத்தில், தமிழுக்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம் என்று பேசினாராம். உயிரோடு இருந்தவரைத் தமிழ் வகுப்புக்குள் விடாதவர், செத்த பிறகு நஷ்டக்கணக்குச் சொல்ல வந்துவிட்டார்.

குமாஸ்தாவிடம் பாய் இல்லை என்றேன். அவர் கிட்டங்கியை எட்டிப் பார்த்தார். "இம்புட்டு இருக்கே, அண்ணாச்சி?"

"இருக்கு. உங்களுக்கு இல்ல."

பையன் பாடியதைத் தன் பாட்டு என்று சொல்ல மறுத்த அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் மண்டபத்தில் கூட்டம் போடுகிற அதே சாயங்காலம் என் கிட்டங்கியும் திறந்திருக்கும், பாய் விரித்திருக்கும். ஈற்றடியை வருகிறவர்களில் யாராவது சொல்லட்டும். எதையும் எழுதிக் காட்ட வேண்டாம். தமுக்குக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அந்த ஏல ராகத்திலேயே கூவும்படி.