விசாரிக்க வந்தவர்கள்

ஞாயிறு மாலை நான்கு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு மண்சட்டி. வாயில் தாள் கட்டிய மிஷ்டி தோய், வங்காளத்து இனிப்புத் தயிர். அதைப் பிடித்திருந்த அம்மாளுக்குப் பின்னால் அவர் கணவர் நின்றார். ஜாம்ஷெட்பூரில் குடியிருக்கும் தமிழர்கள். மகனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் கல்கத்தாவில் எங்கள் தமிழ்த் திருச்சபையைச் சேர்ந்தவள். பேசி முடிக்குமுன் பெண் வீட்டைப் பற்றிச் சபையில் யாரிடமாவது விசாரிப்பது எங்களிடையே வழக்கம்.

"நீங்க பத்திரிகையில இருந்தவரு, உள்ளத உள்ளபடி சொல்வீங்கன்னாங்க," என்றார் கணவர்.

பெண் யாரென்று சொன்னார்கள். அவளுடைய தாத்தாவை எனக்குத் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு முன்பு என் அக்காவுக்கும் ஒரு சம்பந்தம் முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அக்கா ஆபீஸில் ஒரு வங்காளிப் பையனோடு பழகுகிறாள் என்று எழுதியிருந்தது. அது பொய். அவர்கள் அக்காவின் போட்டோவைத் திருப்பி அனுப்பினார்கள், கடிதத்தையும் அதோடு வைத்து. ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அக்கா தூத்துக்குடிக்கு, சித்தி வீட்டுக்குப் போனாள். ஹவுராவில் அவள் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளியவன் நான். அங்கேயே பள்ளிக்கூட வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திரும்பி வரவும் இல்லை. எங்கள் பெஹாலா வீட்டில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. நான் இன்றுவரை அதில் படுத்ததில்லை.

கடிதம் பச்சை மையில் இருந்தது. ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் கீழே சரிந்தது. சபையின் ஜெபக்கூட்ட அறிவிப்பைக் கையால் எழுதி ஒட்டிவந்த அந்தப் பெண்ணின் தாத்தாவும் பச்சை மையில்தான் எழுதினார். அவர் வரிகளும் அப்படியே சரிந்தன. தன் மைத்துனனுக்கு அவர் அக்காவைப் பெண் கேட்டிருந்தார்; அப்பா மறுத்துவிட்டார். இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டினேன். கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். கையெழுத்து பார்க்கத் தெரியும். அன்று குடும்ப ஜெபத்தில் பைபிளிலிருந்து குகைக் கதையை வாசித்தார். தன்னைக் கொல்லத் தேடும் அரசன் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக இருக்கிறான். அவனை வெட்டாமல் அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு, நியாயத்தைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறான் ஒருவன். அந்தத் துணித்துண்டை அவன் பிறகு என்ன செய்தான் என்று கதையில் இல்லை. என்னுடையது அலமாரியில், அகராதிக்கு அடியில் இருந்தது.

தேநீர் போடுவதாகச் சொல்லி அடுக்களைக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அந்த ஆளோட பேத்திய விசாரிக்க வந்திருக்காங்க. முன்ரூம்ல உக்காந்திருக்காங்க."

அங்கே குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"புள்ள எப்படி?"

"நல்ல புள்ளதான்."

"அப்ப நல்ல புள்ளன்னு சொல்லேன்ல. இதுக்கு எதுக்கு எஸ்டிடி?"

"கடிதாசி எங்கிட்ட இருக்கு, அக்கா."

"இன்னுமா வச்சிருக்க? கல்கத்தா எலிக்கு வேற தீனி கெடச்சிட்டுபோல."

"வெளையாடாத. அப்ப அந்த ஆள யாரு கேக்குறது?"

"கேக்க வேண்டியவரு கேப்பாரு. முப்பது வருசமா நான் அவர்கிட்டதான் முறையிட்டுக்கிட்டு இருக்கேன். நடுவுல நீ பூந்து கெடுத்துராத." பிறகு, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "லேக் மார்க்கெட்ல அந்தத் தேங்காக்கடை இருக்கா?"

"இருக்கு. வந்து பாரு."

"வாரேன், வாரேன்," என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். பெண்ணுக்குத் தமிழ் வாசிக்க வராது; ஆனாலும் பாட்டுகளை வங்காள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். அவர் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தாத்தா எப்படி? அந்த வீட்டுல அவர் பேச்சுதானாமே?"

அலமாரி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. நாலு எட்டு.

"வயசாயிட்டு. வாரம் தவறாம கோயிலுக்கு வாராரு," என்றேன். இரண்டும் உண்மை. கேட்டவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீரைக் குடித்து முடித்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தாத்தாவே கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். தடி ஊன்றியிருந்தார், மற்றபடி ஆரோக்கியமாக இருந்தார். எனக்கொன்று கொடுத்தார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இது அக்காவுக்கு. வந்தா நல்லாருக்கும், தம்பி."

அவர் படியிறங்கும்போது நான் கை கொடுத்தேனா என்று நினைவில்லை. உறையின் மேல் அக்காவின் பெயர் பச்சை மையில் இருந்தது. கடைசி எழுத்துகள் கீழே சரிந்திருந்தன.

மறுநாள் காலை அதை ஸ்பீடு போஸ்டில் சேர்த்தேன். தூத்துக்குடி போய்ச் சேர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.