கொண்டல் பிடித்த காலை

கொடிகாமம் சந்தைக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் பேருந்துக்காகக் காத்திருக்கிறோம். ஒன்பது மணியாகியும் பனைமரங்கள் புகைமூட்டமான புகாருக்குள் பாதிதான் தெரிகின்றன. முட்டு எனும் இழுப்பு வருத்தமுள்ள என் ஏழு வயது மகள் சொல்லுக்கொரு மூச்சு வாங்கிக் கதைக்கிறாள். கொழும்புப் புகைக்குத் தப்பி, நல்ல காற்றுக்கென்று அவளை இங்கே கூட்டிவந்தவன் நான்.

கடைக்குப் பின்னால் சருகு எரிகிறது. "பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு, அதை அணையுங்கோ அண்ணை!" என்று கடைக்காரரிடம் பாய்கிறேன்.

அவர் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். "அணைச்சிட்டன் தம்பி. ஆனா உந்தப் புகார் என்ரை சருகாலை வந்ததில்லை. தை மாசம் வாடை மெல்லமா அடிச்சா, இந்தியாப் பக்கத்துப் புகை கடல் தாண்டி வந்து இஞ்சை படுத்திடும். வாறதை மறிக்க எங்களிட்டை மலை இல்லை. போறதை மறிக்கவும் இல்லை. கிழக்காலை கொண்டல் காத்துப் பிடிக்கவேணும்."

கடைக்கு மேலே, தென்னையில் கட்டிய அவருடைய பட்டம் இரவுபகலாக நிற்கிறது. அதில் பூட்டிய, காற்றில் ஒலியெழுப்பும் விண் நார் சோம்பலாக இரைகிறது. நூல் தெற்கே சாய்ந்திருக்கிறது. தேநீர் ஆற்றும்போதும் அவர் காது அங்கேதான்.

வந்த பேருந்தில் இந்த மூச்சோடு மகளை ஏற்றப் பயந்து அதை விட்டுவிடுகிறேன். சற்றுப் பிறகு விண் உரக்கக் கூவுகிறது. கடைக்காரர் வெளியே ஓடுகிறார். நூல் மேற்கே திரும்பியிருக்கிறது.

"பிடிச்சிட்டுது! இனிக் கடல் காத்துத்தான்."

பனைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. மகள் அண்ணாந்து பார்க்கிறாள்.

"அப்பா, இந்தப் பட்டத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய் எங்கடை மாடியிலை கட்டுவமா?"

ஓம், ஓம் என்கிறேன். எதற்குச் சம்மதித்தேன் என்பது பிறகுதான் உறைக்கிறது. அத்தனையையும் அவள் ஒரே மூச்சில் கேட்டது மட்டுமே என் காதில் விழுந்தது.