சிவந்துபோன சாம்பார்க் கறை

கழக்கூட்டத்து மேம்பாலத்தின் நிழல் முடிந்து வெயில் தொடங்கிய இடத்தில் கைபேசி முதல் தடவை அடித்தது. எடுக்கவில்லை. தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, கறை எடுக்க என் காசில் வாங்கிய ஒரு பிரஷ். காரியவட்டம் வழியாக நகரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பஸ்கள் வந்து நின்று போயின. ஏறவில்லை. கோபத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவது எனக்கு ஒத்துவராது. நடந்தால்தான் அது அடங்கும். அன்றைக்கு அது அடங்கவும் வேண்டாம் என்றிருந்தது.

அன்று காலை வரை ஐடி பார்க்கில் ஓர் அலுவலகத்தின் தரைக் கம்பளத்தைச் சுத்தம் செய்கிறவனாக இருந்தேன். வள்ளியூர்ப் பக்கம் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஹோட்டல், லாரி, கட்டட வேலை என்று ஊர் ஊராக மாறி இதற்கு வந்து சேர்ந்தேன். வேலை கொடுத்தவர் மார்த்தாண்டத்துக்காரரான சூப்பர்வைசர். நான் படுத்த கட்டிலும் அவர் எடுத்திருந்த அறையில்தான். வேலை போனால் கட்டிலும் போகும். அங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

அலுவலகக் கம்பளம் ஒரே விரிப்பு அல்ல, சதுரம் சதுரமாகப் பொருத்தியது. காபியோ பேனா மையோ சிந்தினால் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை அடிக்குப் போய்விடும். மேலே சுத்தமாகத் தெரிகிற இடத்தில், ஈரம் காயக் காய மறுபடி ஏறி வந்து சிரிக்கும். அப்படிப் போகாத கறைக்கு சூப்பர்வைசர் ஒரு வழி வைத்திருந்தார். அலமாரிக்கு அடியில் இருக்கும் நல்ல சதுரத்தை உருவி எடுத்து, கறைச் சதுரத்தை அங்கே தள்ளிவிடுவது. யாரும் அலமாரியை நகர்த்திப் பார்ப்பதில்லை.

ஓணத்துக்கு அங்கே இலை போட்டுச் சாப்பாடு. மேசை போதாமல் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள். புது வேட்டி தடுக்கிய ஒருவர் சாம்பார் வாளியோடு சரிந்தார், மேலாளர் அறை வாசலிலேயே. மறுநாள் காலை நான் மண்டியிட்டு ஒத்திக்கொண்டிருந்தேன்.

"தள்ளுலே. நீ ஒத்தி ஒத்தி எடுக்கதுக்குள்ள அடுத்த ஓணம் வந்துரும்" என்று சூப்பர்வைசர் வந்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற திரவம். நல்ல காரம் அது, கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரியும். அப்படியே ஊற்றினார். மஞ்சள் கறை கண் முன்னால் ரத்தமாகச் சிவந்தது.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆரத்தி எடுக்காத கல்யாணம் எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் பாட்டிலின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கு உறவுக்காரன் என்று யாருக்குத் தோன்றுகிறது?

"அய்யோ, சோரயாணோ?" என்று அந்த வழியாக வந்த ஒரு பெண் விலகி நின்றாள். ரத்தமா என்று கேட்கிறாள்.

"அண்ணே, பொறுங்க. வினிகர் எடுத்திட்டு வாறேன், புளிப்பு பட்டா செவப்பு மாறிரும்" என்று நான் அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் கழிவறையிலிருந்து ப்ளீச் கொண்டுவந்து ஊற்றிவிட்டார். சிவப்பு போனது. கம்பளத்தின் சாம்பல் நிறமும் கூடவே போனது. வாசலில் தேமல் பட்ட மாதிரி ஒரு வெள்ளை.

அலமாரிகளை நகர்த்தி நல்ல சதுரம் தேடினோம். ஒன்றுகூட இல்லை. முன்பு நாங்கள் ஒளித்தவையெல்லாம் அங்கே வரிசையாகப் படுத்திருந்தன.

சூப்பர்வைசர் என்னை ஓரமாக இழுத்தார். "மேடம் வருவா. ஒரு சாரி சொல்லிரு மக்கா. ஒனக்கென்ன, ஒத்தக்கட்ட. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய படிக்குது."

"நான் ஊத்தலியே அண்ணே."

"ஊத்துனா என்ன, ஊத்தாட்டி என்ன? சாரிங்கது ஒரு வார்த்த தானலே."

ஒரு வார்த்தைதான் என்றால் அவரே சொல்லியிருக்கலாம். 'நாங்க ஊத்திட்டோம்' என்று சொல்லியிருந்தால்கூடப் பக்கத்தில் நின்றிருப்பேன்.

மேடம் வந்தார். அலுவலகக் கட்டடத்தையே பார்த்துக்கொள்கிறவர், கெட்டவர் அல்ல. சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டினார். மேடம், "சாரி பறஞ்ஞா மதி" என்றார், சொன்னால் போதும் என்று.

"நான் ஊத்தல, மேடம்."

"பின்னே ஆரு?"

"அத சொல்றது என் வேலை இல்ல. நான் ஊத்தல."

"எங்கில் நாளெ முதல் வரண்டா."

நாளைக்கு வர வேண்டாம் என்றால் இன்றைக்கும் எதற்கு? துணியைப் பிழிந்து காயப் போட்டேன். அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

ஸ்ரீகாரியத்தில் கைபேசி மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"எங்கலே நிக்கே? திரும்பி வா. மேடத்துகிட்ட பேசியிருக்கேன். வந்து சாரி சொல்லு, கட்டில் அப்படியே கெடக்கு."

"நீங்களே கால நீட்டிப் படுங்க அண்ணே."

"திமிருலே ஒனக்கு. பட்டினி கெடப்ப."

"கெடந்திருக்கேன். செத்துரலியே."

அவர் பிள்ளைகளை நினைக்காமல் இல்லை. அதனால்தான் மேடத்திடம் அவர் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் கொடுக்க முடியாது. உள்ளூர், பட்டம், பாளையம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகக் கால் வலிக்க வலிக்கத் தாண்டி, சாலை என்கிற பெரிய கடைத்தெருவுக்கு வந்தேன். அங்கே மூட்டை தூக்கும் ஊர்க்காரர் ஒருவர் எனக்கும் ஒரு சாக்கு விரித்தார். ஆரியசாலையில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

காலையில் போனேன். ஆவணிக் கல்யாணங்கள் முடிந்து வந்த கம்பளங்கள் சந்தில் மலையாகக் கிடந்தன. முதலாளி தமிழர். தலைமுறைகளாக இங்கேயே இருப்பதால் பேச்சில் பாதி மலையாளம்.

"கார்ப்பெட் கழுகி பரிசயம் உண்டாடே?"

"உண்டு அண்ணாச்சி, கழுவிப் பழக்கந்தான். போற கறை போகும். போகாதத மொதல்லயே சொல்லிருவேன். நான் ஆக்காத கறைக்கு சாரி மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரியா? அத ஆரு சோதிச்சா, ஆரு கேட்டா? கல்யாண வீட்டுக்காரனே சொல்லல்ல. போய் வெள்ளத்தத் திறந்துவிடு." குழாயைக் காட்டினார்.

தண்ணீரைத் திறந்தேன். முதல் கம்பளத்தை உருட்டி விரித்தேன். நடுவில் அகலமாகச் சாம்பார். பையிலிருந்து பிரஷை எடுத்து, வாளியிலிருந்த சோப்புத்தூளை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். சோப்பும் சுண்ணாம்புக்கு உறவுதான். சிவந்தால் சிவக்கட்டும். கம்பளமே சிவப்பு.