வரைபடத்தில் விழுந்த ஓட்டை

நாங்கள் குடிபெயர்ந்து வந்த விட்பி நகரிலிருந்து புறப்படும் காலை ரயிலில் எனக்கு எதிர்ச் சீட்டில் ஒரு மொழியியல் பேராசிரியர் வருவார். மடியில் வரைபடம், காதில் சிவப்புப் பென்சில், கையில் நீலப் பென்சில். ஸ்லோவேனியாவையும் குரோஷியாவையும் பிரிக்கும் ஆற்றின் இரு கரைக் கிராமங்களையும் பேச்சு வழக்கை வைத்து வகைப்படுத்துவது அவர் வேலை. ஸ்லோவேனிய மொழிக்கு நீலம், குரோஷிய மொழிக்குச் சிவப்பு. ஒரு கிராமத்துக்கு நிறம் பூசுவார், ஒலிப்பதிவை மறுபடி கேட்பார், அழிப்பார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது.

"இரண்டு கரையிலும் ஒரே பேச்சுத்தான். அதைச் சொன்னால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள்" என்றார் ஒருநாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி எனக்குப் போன் எடுத்தாள். மகள் விரும்பிய பையனின் தாயோடு அப்போதுதான் பேசியிருந்தாள்.

"நல்ல சனம்தான். ஆனா கதைக்கிற விதத்தைக் கேட்டா தீவுப் பக்கம் மாதிரிக் கிடக்குதப்பா."

"அப்ப சரிவராது. யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லும்."

என்ன விஷயம் என்று பேராசிரியர் கேட்டார். பையன் வீட்டார் பேசுவது எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை, ஒரு தீவுப் பக்கத்துத் தமிழ் என்றேன்.

"உங்கள் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில் அரை மணி நேரம். நடுவில் ஒரு பாலம்."

அவர் சிரிக்கவில்லை. தன் அழிறப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.

அது இன்னும் என் கோட்டுப் பைக்குள் கிடக்கிறது. மகள் இப்போது எங்களோடு எந்த வழக்கிலும் பேசுவதில்லை. அதற்கு என்ன நிறம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.